பேர் லிஸ்ட்டை ஏ-பி-சி வரிசையில அடுக்கணும்: செலக்சனா, பபிளா, இன்சர்சனா, இல்ல கியூசார்ட்டா?

சனிக்கிழமை சாயந்தரம் ஆனா எங்க வீட்டு அஞ்சடியில, அதாவது வாசல் தாழ்வாரத்துல, நாலஞ்சு புள்ளைங்க லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து உட்கார்ந்துடுவாங்க. நாங்க இருக்கறது மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்கற பத்தாங் பெர்ஜுந்தை, 2007-ல பெஸ்தாரி ஜெயான்னு பேரை மாத்திட்டாங்க, ஆனா இங்க யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. சுத்தி செம்பனைத் தோட்டம், நடுவுல டவுன். வர்ற புள்ளைங்க எல்லாம் தோட்டத்துப் புள்ளைங்கதான், டிப்ளோமா முதல் வருசம், சி லாங்குவேஜ் படிக்குதுங்க. வருசா வருசம் கேள்வி மட்டும் மாறவே மாறாது.

"அண்ணே, பேரையெல்லாம் ஏ-பி-சி வரிசையில அடுக்கச் சொல்லியிருக்காங்க, செலக்சன் சார்ட் போடவா, பபிள் ஈசியா இருக்குமா, இல்ல கியூசார்ட்னு ரெடிமேடா ஒண்ணு இருக்காமே அதையே கூப்பிட்டுடவா?"

சார்ட்னா வரிசையா அடுக்கற முறை. செலக்சன், பபிள், இன்சர்சன் மூணும் நாமே எழுதற முறைங்க, கியூசார்ட் ரெடிமேடு. நம்பரை அடுக்கறதுன்னா எதைப் போட்டாலும் பெரிசா வித்தியாசம் தெரியாது, இங்க அடுக்கறது பேரு. சி-ல பேருங்கறது ஒரு எழுத்து வரிசை, அதாவது அரே, கடைசியில ஒரு பூஜ்ய பைட், அவ்வளவுதான், அதை நம்பர் மாதிரி சமக்குறி போட்டு ஒரு அரேல இருந்து இன்னொரு அரேக்கு மாத்த முடியாது, சின்னது-பெரிசு குறி போட்டும் ஒப்பிட முடியாது. போட்டா கம்பைலர் பல நேரம் ஒரு வார்னிங்கோட விட்டுடும், ஆனா அது ஒப்பிடறது பேரை இல்ல, அந்தப் பேரு மெமரில எந்த இடத்துல இருக்குங்கற முகவரிய. அதனால ஒப்பிட ஸ்டர்கம்ப் வேணும், நகர்த்த ஸ்டர்காப்பி வேணும், ரெண்டுமே சி-ல ரெடிமேடா இருக்கற ஃபங்ஷன், எழுத்து எழுத்தா நடந்து போய்த்தான் வேலை செய்யும். எந்த சார்ட்டைத் தேர்ந்தெடுக்கறதுங்கற கேள்வியே இங்கதான் ஆரம்பிக்குது.

## எதையெல்லாம் பார்த்து முடிவு பண்ணணும்

நான் புள்ளைங்ககிட்ட கேக்கற கேள்விங்க இதுதான். லிஸ்ட்டுல எத்தனை பேரு. லிஸ்ட்டு வரும்போதே பாதி வரிசையில இருக்கா, இல்ல தாறுமாறா இருக்கா. பேரை எத்தனை தடவை தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். ஒரே பேருல ரெண்டு மூணு ஆளு இருந்தா, முதல்ல வந்தவங்க முதல்லயே நிக்கணுமா. பேரோட கூட வேற எதாவது ஒட்டிக்கிட்டு இருக்கா, அதாவது காசு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், பிளாக் நம்பர் மாதிரி. அப்புறம், லெக்சரர் முன்னாடி நின்னு வெள்ளைப் பலகையில ஒவ்வொரு சுத்தா எழுதிக் காட்ட வேண்டியிருக்குமா.

வேகம் மட்டும்தான் அளவுகோல்னு நினைக்கிறவங்க நிறைய. 50 பேரு லிஸ்ட்டுக்கு நாலுல எதைப் போட்டாலும் கண்ணு சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சுடும், அங்க வேகத்தைப் பேசி நேரத்தை வீணாக்க வேணாம்.

## முதல்ல அஞ்சு பேரை வெச்சுப் பார்ப்போம்

முனியம்மா, கோபால், லெட்சுமி, அஞ்சலை, பாலன். ஐசி-ல இருக்கற மாதிரி இங்கிலீஸ் எழுத்துல, அதனால முதல் எழுத்து எம், ஜி, எல், ஏ, பி. இதே வரிசையில உள்ள வருது, அஞ்சலை, பாலன், கோபால், லெட்சுமி, முனியம்மான்னு வெளிய வரணும்.

செலக்சன் சார்ட் என்ன செய்யும்னா, முழு லிஸ்ட்டையும் ஒரு தடவை பார்த்து யாரு முதல்ல வரணும்னு கண்டுபிடிக்கும். 4 ஒப்பீடு, அஞ்சலை கிடைச்சாச்சு, அவங்களை முனியம்மா இடத்துக்குக் கொண்டு வந்து முனியம்மாவை அஞ்சலை இடத்துக்கு அனுப்பும். இப்போ அஞ்சலை, கோபால், லெட்சுமி, முனியம்மா, பாலன். அடுத்த சுத்து 3 ஒப்பீடு, பாலன் கிடைக்கிறான், கோபாலோட இடம் மாத்து. மூணாவது சுத்து 2 ஒப்பீடு, கோபாலும் லெட்சுமியும் இடம் மாத்து. கடைசி சுத்து 1 ஒப்பீடு, முனியம்மாவும் லெட்சுமியும் மாத்து. மொத்தம் 10 ஒப்பீடு, 4 இடமாத்து.

இதே அஞ்சு பேரை பபிள்ல போட்டா ஒப்பீடு அதே 10, ஆனா இடமாத்து 8. இன்சர்சன்லயும் ஒப்பீடு 10 வருது, 8 தடவை ஒருத்தரை ஒரு படி தள்ளி வைக்கணும். நம்பிக்கை இல்லன்னா ஒரு பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க.

இப்போ இதை ஸ்டர்காப்பி கணக்குல மாத்துங்க. ஒரு இடமாத்துக்கு 3 காப்பி, ஏன்னா நடுவுல ஒரு தற்காலிக அரே வேணும். செலக்சனுக்கு 12 காப்பி, பபிளுக்கு 24 காப்பி. இன்சர்சன்ல தள்றதுக்கு 8, ஆளை வெளிய எடுத்துத் திரும்ப வைக்கிறதுக்கு 4 பேருக்கு ரெண்டு ரெண்டா 8, ஆக 16. ஒப்பீடு சமமா இருக்கறப்பவே காப்பி இவ்வளவு மாறுது பாருங்க.

## செலக்சன் சார்ட்

இதோட பெரிய பலம், எத்தனை பேரு இருந்தாலும் இடமாத்து அதுக்கு ஒண்ணு குறைவாத்தான் வரும், அதைத் தாண்டவே தாண்டாது. 240 பேரு லிஸ்ட்டுன்னா அதிகபட்சம் 239 இடமாத்து, 717 ஸ்டர்காப்பி. அதே 240 பேரு தாறுமாறா இருந்தா பபிளுக்கு சராசரியா 14,340 இடமாத்து வரும், 43,020 காப்பி. பேரு நீளமா இருந்து, அதை நேரடியா தூக்கித் தூக்கி வைக்கிற மாதிரி எழுதியிருந்தா, செலக்சன் பக்கம் சாய்றதுக்கு இது ஒண்ணே போதும்.

பலவீனம் என்னன்னா, இது கண்ணை மூடிட்டு வேலை செய்யும். லிஸ்ட்டு ஏற்கனவே சரியான வரிசையில இருந்தாலும் அதுக்குத் தெரியாது, 240 பேருக்கு 28,680 ஒப்பீட்டையும் செஞ்சு முடிச்சுட்டுத்தான் நிக்கும். இன்னொண்ணு, ஒரே பேருக்காரங்களோட முன்-பின் வரிசையை இது காப்பாத்தாது. ரெண்டு லெட்சுமி, அதுக்கப்புறம் ஒரு அஞ்சலை இருக்காங்கன்னு வைங்க, முதல் சுத்துலயே முதல் லெட்சுமி அஞ்சலை இருந்த இடத்துக்குப் பறந்துடுவாங்க, ரெண்டாவது லெட்சுமி முன்னாடி வந்துடுவாங்க. வெறும் பேரு மட்டும்னா இது யாருக்கும் தெரியாது, பேரோட வேற விவரம் ஒட்டிக்கிட்டு இருந்தா தெரியும்.

புள்ளைங்க கொண்டு வர்ற கோடுல பாதிக்கு மேல நான் பார்க்கற ஒரு தப்பு இருக்கு, அதை இங்க சொல்லியே ஆகணும். உள் லூப்புல, அதாவது மிச்ச லிஸ்ட்டைப் பார்த்துக்கிட்டே போற சுத்துல, ஒவ்வொரு தடவை சின்ன பேரை (வரிசையில முன்னாடி வர வேண்டிய பேரை) பார்த்தவுடனே அங்கயே இடம் மாத்திடறாங்க. கடைசியில வரிசை சரியா வந்துடும், அதனால யாரும் சந்தேகப்படறதில்ல, நோட்டுலகூட அதுக்கு மேல செலக்சன் சார்ட்னு எழுதி வெச்சிருக்கும். அது செலக்சன் இல்லைங்க. உள் லூப்புல இடத்தோட எண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும், லூப்பு முடிஞ்ச பிறகுதான் ஒரே ஒரு தடவை மாத்தணும். மேல சொன்ன அதே அஞ்சு பேரை அந்தத் தப்பான முறையில போட்டா 4 இடமாத்துக்குப் பதிலா 8 வரும், பபிளுக்கு வந்த அதே 8. செலக்சனுக்குன்னு இருந்த ஒரே சொத்தையும் அங்க தொலைச்சாச்சு.

அடுத்தது, ரொம்பச் சின்னது, ஆனா வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, கேக்கறாங்க. சின்ன பேரு ஏற்கனவே தன் இடத்துலயே இருந்தா என்ன ஆகும்? சோதிக்காம மாத்தப் போனா ஒரு பேரை அதே பேரு மேலயே ஸ்டர்காப்பி பண்ற மாதிரி ஆகும். மூலமும் சேர்ற இடமும் ஒண்ணு மேல ஒண்ணு இருந்தா ஸ்டர்காப்பி என்ன செய்யும்னு சி ஸ்டாண்டர்டு எந்த உத்தரவாதமும் தர்றதில்ல. ரெண்டு எண்ணும் வேற வேறயான்னு ஒரு இஃப் போட்டா முடிஞ்சுது.

எப்போ இது பொருத்தம்: சின்ன லிஸ்ட்டு, கையால எழுதிக் காட்டணும், பேரை நேரடியா காப்பி பண்ற மாதிரி சேமிச்சிருக்கீங்க. ஒரு சுத்து முடிஞ்சா ஒரு ஆளு நிரந்தரமா உட்கார்ந்துட்டாங்கன்னு விளக்கறதும் சுலபம், பலகையில எழுதறப்போ குழப்பமே வராது.

## பபிள் சார்ட்

பக்கத்துப் பக்கத்து ஆளை ஒப்பிட்டு மாத்திக்கிட்டே போறது. கோடு நாலு வரி, மனப்பாடம் பண்ணிடலாம். ஒரு சுத்துல மாத்தமே நடக்கலன்னா நிறுத்துன்னு ஒரு கொடி வெச்சா, ஏற்கனவே வரிசையா இருக்கற லிஸ்ட்டை ஒரே சுத்துல, 240 பேருக்கு 239 ஒப்பீட்டுல முடிச்சிடும். ஒரே பேருக்காரங்க வரிசையும் மாறாது. ஆனா பேரை அடுக்க இதை நான் யாருக்கும் சொல்றதில்ல, ஏன்னா மேல பார்த்த அந்த காப்பிச் செலவு. இது செய்ற எல்லா நல்லதையும் இன்சர்சன் இதை விடக் குறைஞ்ச செலவுல செஞ்சிடுது. அஸைன்மென்ட்ல பபிள்னு எழுதியிருந்தா மட்டும் போடுங்க.

## இன்சர்சன் சார்ட்

எங்கப்பா தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா, அதாவது கிளார்க்கா, இருந்தவரு. சம்பளத்துக்கு முந்தின நாளு ராத்திரி சம்பளக் கவரை எல்லாம் வீட்டு மேசையில வெச்சு அடுக்குவாரு, நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பேன். இடது கையில அடுக்கின கட்டு இருக்கும், வலது கையால ஒரு கவரை எடுப்பாரு, கட்டோட பின்னாடியில இருந்து கட்டைவிரலால ஒவ்வொண்ணா தள்ளிப் பார்த்துட்டு சரியான சந்துல செருகுவாரு. அதுதான் இன்சர்சன் சார்ட், அவருக்கு அந்தப் பேரு தெரியாது, ஆனா கை சரியா செய்யும். போன மாசக் கட்டு அப்படியே வரிசையில இருந்து புதுசா ரெண்டு ஆளு மட்டும் சேர்ந்திருந்தா அஞ்சு நிமிசத்துல எழுந்துடுவாரு. செலக்சன் மாதிரி எல்லாக் கவரையும் மேசையில பரப்பி ஏ எங்கன்னு திரும்பத் திரும்ப தேடியிருந்தா அம்மா சாப்பாட்டை ரெண்டு தடவை சுட வெச்சிருக்கணும்.

கணக்குலயும் அப்படித்தான். 239 பேரு வரிசையில இருக்காங்க, கடைசியில ஒரு புது பேரு வருதுன்னா, வரிசையில இருக்கறவங்களுக்கு 238 ஒப்பீடு, புது ஆளுக்கு அதிகபட்சம் 239, எல்லாம் சேர்த்தும் 480-ஐத் தொடாது. செலக்சனுக்கு அதே லிஸ்ட்டுக்கு 28,680. தாறுமாறா வந்தா இன்சர்சனுக்கு சராசரி ஒப்பீடு அதுல கிட்டத்தட்ட பாதி வரும். ஒரே பேருக்காரங்க வரிசையையும் காப்பாத்தும்.

மறைஞ்சிருக்கற செலவு காப்பிதான். தலைகீழா வந்த லிஸ்ட்டுன்னா ஒவ்வொருத்தரையும் தள்ளித் தள்ளி வைக்கணும். அதுக்கும் ஒரு வழி இருக்கு, பின்னாடி பாயிண்டர் (மெமரி முகவரியை வெச்சிருக்கறது) பத்திப் பேசும்போது சொல்றேன்.

## கியூசார்ட்

சி-யோட ஸ்டாண்டர்டு லைப்ரரிலயே இருக்கு, யாரும் புதுசா எழுத வேணாம். பேரைப் பார்த்துட்டு டோனி ஹோர்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1961-ல வெளியிட்ட குவிக்சார்ட்தான் உள்ள ஓடுதுன்னு பரீட்சையில எழுதிடாதீங்க, எந்த முறையில அடுக்கணும்னு ஸ்டாண்டர்டு சொல்லவே இல்ல, ஒவ்வொரு லைப்ரரியும் தன் இஷ்டப்படி எழுதியிருக்கும். ஒரே பேருக்காரங்க வரிசை காப்பாத்தப்படும்னும் உத்தரவாதம் இல்ல.

நிஜத்துல நல்லா எழுதின லைப்ரரில 240 பேருக்கு ரெண்டாயிரம் சொச்சம் ஒப்பீட்டுல முடியும். 20,000 பேருன்னா செலக்சனுக்கு கிட்டத்தட்ட 200 மில்லியன் ஒப்பீடு, இதுக்கு மூணு லட்சத்தை ஒட்டி. அந்த இடத்துல பேச்சே இல்ல.

புள்ளைங்க மாட்டிக்கறது ஒப்பீட்டு ஃபங்ஷன்லதான். கியூசார்ட் நமக்குக் கொடுக்கறது உறுப்பு இல்ல, உறுப்போட முகவரி. பேருங்களை பாயிண்டர் அரேல வெச்சிருந்தா ஒவ்வொரு உறுப்பும் ஏற்கனவே ஒரு பாயிண்டர், அதனால கையில வர்றது பாயிண்டருக்குப் பாயிண்டர். அதைத் தெரியாம ஸ்டர்கம்பை அப்படியே தூக்கிக் கொடுத்துட்டா, அது பேரைப் பார்க்காது, முகவரியோட பைட்டை எழுத்துன்னு நினைச்சு ஒப்பிடும். ப்ரோகிராம் ஓடும், வரிசை மட்டும் அர்த்தமில்லாம வரும். நடுவுல ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, ஒரு படி இறங்கி, அப்புறம் ஸ்டர்கம்பைக் கூப்பிடணும். இதைப் புரிஞ்சுக்க ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல, பாயிண்டர் அதோட புரிஞ்சிடும்.

இன்னொரு செலவு: அஸைன்மென்ட்ல சார்ட்டை நீங்களே எழுதுங்கன்னு இருந்தா இதுக்கு மார்க் கிடைக்காது.

## ஒரே பார்வையில

| எதைப் பார்க்கிறோம் | செலக்சன் | பபிள், கொடியோட | இன்சர்சன் | கியூசார்ட் |
|---|---|---|---|---|
| 240 பேரு தாறுமாறா, ஒப்பீடு | 28,680 எப்பவும் | 28,680-ஐ ஒட்டி | 14,500 வாக்குல | 2,000 சொச்சம் |
| 240 பேரு ஏற்கனவே வரிசையில, ஒப்பீடு | 28,680 | 239 | 239 | லைப்ரரியைப் பொறுத்தது |
| அஞ்சு பேரு கணக்குல காப்பி | 12 | 24 | 16 | கணக்குல சேர்க்கல |
| ஒரே பேருக்காரங்க வரிசை | மாறலாம் | மாறாது | மாறாது | உத்தரவாதம் இல்ல |
| பலகையில விளக்க | ரொம்ப சுலபம் | சுலபம் | கொஞ்சம் பழகணும் | உள்ள நடக்கறது தெரியாது |

## பேரைத் தூக்கறதா, முகவரியைத் தூக்கறதா

எந்த சார்ட்டுன்னு யோசிக்கற நேரத்துல பாதியை இதுக்குக் கொடுக்கணும்னு நான் சொல்லுவேன். பேருங்களை சேமிக்க ரெண்டு வழி. ஒண்ணு ரெட்டை அரே, ஒவ்வொரு பேருக்கும் 50 பைட் ஒதுக்கறது, 240 பேருக்கு 12,000 பைட். எழுதறது சுலபம், ஆனா இடம் மாத்தணும்னா எழுத்தையெல்லாம் காப்பி பண்ணணும். நம்ம பேருங்க ஏ/எல் (இன்னாரோட மகன்), ஏ/பி (இன்னாரோட மகள்), அப்பா பேரு எல்லாம் சேர்ந்து 30 எழுத்தை சர்வசாதாரணமா தாண்டும், புத்தகத்துல 20-னு போட்டிருக்கேன்னு நீங்களும் 20 போட்டா பேரு வழிஞ்சு அடுத்த ஆளு இடத்துல எழுதிடும்.

இன்னொண்ணு பாயிண்டர் அரே. பேரு எங்க இருக்கோ அங்கயே இருக்கும், முகவரி மட்டும் இடம் மாறும், இப்போ இருக்கற 64-பிட் மெசின்ல 8 பைட். இப்படி வெச்சா காப்பிச் செலவுங்கற விசயமே சின்னதாயிடும், அதனால செலக்சனோட பெரிய பலமும் சின்னதாயிடும், இன்சர்சனோட பெரிய பலவீனமும் போயிடும். அதாவது சேமிக்கற விதத்தை மாத்தினாலே எது சிறந்த சார்ட்டுங்கற பதிலும் மாறிடுது. புள்ளைங்களுக்கு இதை விளங்க வைக்கறதுக்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்குது.

பாயிண்டருக்கும் மறைஞ்ச செலவு உண்டு. ஒரே பஃபர்ல (படிச்சதைத் தற்காலிகமா வைக்கிற இடம்) ஒவ்வொரு பேரா படிச்சு, எல்லாப் பாயிண்டரையும் அந்த பஃபரையே காட்ட வெச்சா, கடைசியா படிச்ச பேரே 240 தடவை பிரிண்ட் ஆகும். ஒவ்வொரு பேருக்கும் தனியா மெமரி வாங்கி காப்பி பண்ணி வைக்கணும், முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கணும். கோடுலயே மேற்கோள் குறிக்குள்ள எழுதின பேரா இருந்தா முகவரியை மாத்தலாம், ஆனா அது மேல ஸ்டர்காப்பி பண்ணக் கூடாது, பண்ணினா பெரும்பாலும் ப்ரோகிராம் அங்கயே விழுந்துடும்.

இப்போ எனக்கு நடந்ததைச் சொல்றேன். சில வருசம் முன்னாடி கோயில் திருவிழா நன்கொடை லிஸ்ட்டை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன், நானே எழுதின சி ப்ரோகிராம்ல. பேரு ஒரு அரே, காசு ஒரு அரே. செலக்சன் சார்ட்ல பேரை மட்டும் இடம் மாத்தினேன், காசு அரேயை மாத்த மறந்துட்டேன். பேரு வரிசை அழகா வந்துச்சு, அதைத்தான் சரி பார்த்தேன், பிரிண்ட் எடுத்து கோயில் பலகையில ஒட்டியாச்சு. மறுநாள் காலையில ஒரு பாட்டி, காலம் பூரா பால்மரம் வெட்டி ரிடையர் ஆனவங்க, பலகை முன்னாடி நின்னு விரலை வெச்சு தன் பேரைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. அவங்க கொடுத்தது 50 வெள்ளி, பலகையில 5 வெள்ளின்னு இருந்துச்சு. அவங்க சண்டை போடல. "நான் 50 கொடுத்தேனே ஐயா"ன்னு மெதுவா ஒரு தடவை கேட்டாங்க, அவ்வளவுதான். நான் அங்கயே அந்தத் தாளைக் கிழிச்செடுத்து, வீட்டுக்குப் போய் திருத்தி, மதிய பூசைக்கு முன்னாடி புதுசு ஒட்டினேன். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

அதுக்கப்புறம் பேரோட ஒரு விவரம் ஒட்டிக்கிட்டு இருந்தாலே ஸ்ட்ரக்ட்தான். பேரு, காசு, ரசீது நம்பர் மூணும் ஒரே பொட்டலம், மாத்தினா மொத்தமா மாறும், பிரியவே பிரியாது. ஸ்ட்ரக்ட்டுக்கு சமக்குறி போட்டே மாத்தலாம், உள்ள இருக்கற எழுத்து அரேயும் கூடவே வந்துடும், ஸ்டர்காப்பிகூட தேவையில்ல. ஒரே பேருல ரெண்டு ஆளு வந்தா ரசீது நம்பரைப் பாருன்னு ஒப்பீட்டு ஃபங்ஷன்ல ஒரு வரி சேர்த்துட்டா, கியூசார்ட் வரிசையைக் காப்பாத்துமாங்கற கவலையும் போச்சு.

## ஒப்பிடறதுல இருக்கற குழி

சார்ட்டு எதுவா இருந்தாலும் ஏ-பி-சி வரிசைன்னா என்னன்னு அதுக்குச் சொல்றது ஒப்பீடுதான். ஸ்டர்கம்ப் பார்க்கறது எழுத்தோட எண்ணை. ஆஸ்கிங்கற எழுத்து-எண் பட்டியல்ல பெரிய எழுத்து ஏ 65, இசட் 90, சின்ன எழுத்து ஏ 97. ஐசி-யைப் பார்த்து எழுதினவங்க எல்லாம் பெரிய எழுத்துல எழுதியிருப்பாங்க, வாட்ஸ்அப்ல அனுப்பினவங்க சின்ன எழுத்துல. விளைவு, அஞ்சலை சின்ன எழுத்துல வந்தா யோகேஸ்வரிக்கும் பின்னாடி, லிஸ்ட்டோட அடியில போய் நிக்கறாங்க. ஸ்டர்கேஸ்கம்ப்னு ஒண்ணு சின்னது பெரிசு பார்க்காம ஒப்பிடும், ஆனா அது சி ஸ்டாண்டர்டுல இல்ல, லினக்ஸ்ல இருக்கும், விண்டோஸ்ல வேற பேருல இருக்கும். காலேஜ் லேப்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணுன்னு இருக்கற புள்ளைங்க, எழுத்தைச் சின்னதாக்கற டூலோயர் ஃபங்ஷனை வெச்சு தானே ஒரு ஒப்பீட்டு ஃபங்ஷன் எழுதிக்கறது நல்லது.

ஸ்டர்கம்ப் திருப்பிக் கொடுக்கறது 1, 0, -1-னு நம்பாதீங்க, குறி மட்டும்தான் உத்தரவாதம், அதனால பூஜ்யத்தை விடப் பெரிசா சின்னதான்னு மட்டும் கேளுங்க. ஸ்பேஸ் 32, எல்லா எழுத்தையும் விடச் சின்னது, அதனால முன்னாடி தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்த பேரு லிஸ்ட்டு உச்சிக்குப் போயிடும். வரி வரியா படிக்கற எஃப்கெட்ஸ்ல படிச்சா வரி முடிவு எழுத்தும் பேரோட ஒட்டிக்கிட்டு வரும், அதை வெட்டணும். ஸ்கேன்எஃப்ல வெறும் %s போட்டுப் படிச்சா ஸ்பேஸோட நின்னுடும், அப்பா பேரு அடுத்த ஆளா உள்ள வந்துடும், நம்ம பேருங்களுக்கு அது சரிப்படாது. பிளாக் 10-ங்கறது பிளாக் 2-க்கு முன்னாடி வரும், ஏன்னா அங்க ஒப்பிடறது 1-ங்கற எழுத்தையும் 2-ங்கற எழுத்தையும்.

மணி ஏ/எல், மணி ஏ/பின்னு ரெண்டு வகையும் இருந்தா அப்பா பேரு எதுவா இருந்தாலும் ஏ/எல் எல்லாம் முதல்ல வந்துட்டு ஏ/பி எல்லாம் பின்னாடி வரும், அது சரியா தப்பாங்கறதை லிஸ்ட்டு கேட்டவங்ககிட்ட விசாரிச்சுக்குங்க. லெட்சுமி, லட்சுமி, லெச்சுமின்னு பதிவு ஆபீஸ்ல எழுதின கை எழுதினபடி மூணு விதமா இருக்கற ஒரே பேரை எந்த சார்ட்டும் பக்கத்துல கொண்டு வந்து வைக்காது.

தமிழ் எழுத்துலயே பேரு இருந்தா கதை வேற. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கற யூனிகோடை பைட்டா சேமிக்கற யுடிஎஃப்-8-ல ஒரு தமிழ் எழுத்துக் குறி 3 பைட், அதனால 50 பைட்னு ஒதுக்கின இடத்துல கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 16 குறிதான் அடங்கும். ஸ்டர்கம்ப் யூனிகோடு எண் வரிசையில ஒப்பிடும், அந்த வரிசையில ந-வுக்கு அடுத்தே ன இருக்கு, ர-வுக்கு அடுத்தே ற, அப்புறம் ல, ள, ழ, வ. நாம தமிழ்ப்பள்ளியில படிச்சது ய ர ல வ ழ ள ற ன. அதனால மனோகரன் மயிலுக்கு முன்னாடி வந்துடுவாரு, நம்ம வரிசைப்படி மயில்தான் முன்னாடி வரணும். போதாததுக்கு ஓகாரத்தை ஒரே குறியாவும் சேமிக்கலாம், ரெண்டு குறியாவும் சேமிக்கலாம், திரையில ஒரே மாதிரி தெரியும், ஸ்டர்கம்புக்கு ரெண்டும் வேற வேற.

## அப்போ யாருக்கு எது

அஸைன்மென்ட், 10-ல இருந்து 50 பேரு, சார்ட்டை நீங்களே எழுதணும், வைவா இருக்கு: செலக்சன். ரெட்டை அரேயோ பாயிண்டரோ, இடமாத்து உள் லூப்புக்கு வெளிய இருக்கட்டும்.

லிஸ்ட்டு ஏற்கனவே அடுக்கியிருக்கு, அப்பப்போ ஒண்ணு ரெண்டு பேரு சேருது, உதாரணத்துக்கு டியூசன் வருகைப் பதிவு, கோயில் சந்தா: இன்சர்சன், பாயிண்டர் அரேயோட.

பேரோட காசு, ஐசி நம்பர் எதாவது இருக்கு, நாலு பேரு பார்க்கற இடத்துல ஒட்டப் போறீங்க: ஸ்ட்ரக்ட், கியூசார்ட், ரெண்டாவதா ஒப்பிட ரசீது நம்பர். 30 பேரா இருந்தாலும் இதுதான். பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி மொத்தக் காசை அடுக்கறதுக்கு முன்னும் பின்னும் கூட்டிப் பார்த்தா மட்டும் பத்தாது, அன்னைக்கு எனக்கும் மொத்தம் சரியாத்தான் வந்துச்சு. மூணு நாலு ரசீதைக் கையில எடுத்து பேரையும் காசையும் வரிக்கு வரி ஒத்துப் பாருங்க.

தமிழ் எழுத்துல லிஸ்ட்டு: முதல்ல நம்ம எழுத்து வரிசைக்கு ஒரு எண் பட்டியல் எழுதி, ஓகாரத்தையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டு, அந்த எண்ணை வெச்சு ஒப்பிடற ஃபங்ஷனை எழுதுங்க. அது தயாரானா செலக்சனோ கியூசார்ட்டோ எதுல வேணும்னாலும் மாட்டிக்கலாம். போன வாரம் ஒரு தங்கச்சி அப்படி ஒண்ணு எழுதிக் கொண்டு வந்துச்சு, மயில் மேலயும் மனோகரன் கீழயும் வந்ததைப் பார்த்துட்டு அதையே மூணு தடவை ஓட்டிக் காட்டுச்சு.